என் மகனின் மனைவியை மணமுடித்துக் கொடுத்து அனுப்பும்போது

பிள்ளை,

நீயும் ஆரணியும் குளிருடுப்பு வாங்க நுகேகொடைக்குப் போயிருக்கிறீர்கள். மாமா வங்கிக்குப் போய்விட்டார். வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டுக்கு வந்த காலத்திலிருந்து பகலில் நான் தனியாக இருந்தது குறைவு. அடுத்த கிழமை இந்நேரம் நீங்கள் இரண்டு பேரும் பிரான்சில் இருப்பீர்கள். அதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடவேண்டும் என்று மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லலாமே மாமி என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் பாதியில் அழுவேன், நீ என்னைத் தேற்றத் தொடங்குவாய், சொல்ல வந்தது நின்றுவிடும். நீ மட்டும் வாசிக்கவேண்டிய கடிதம் என்றும் இதை நான் நினைக்கவில்லை. எங்கள் சொந்தக்காரரும் வாசிக்கட்டும். மகன் போனதும் மருமகளை யாருக்கோ கட்டிக்கொடுத்துப் பிரான்சுக்குத் துரத்திவிட்டாள் என்று என்னைப் பற்றிக் கதைத்தவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

கோகுலன் எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் போனபோது ஆரணி தவழத் தொடங்கியிருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பனடோல் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி கிரிக்கெட் பார்த்தான். கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்று சொன்ன பிறகுதான் இரத்தம் சோதித்தார்கள். டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் சிரித்துக் கதைத்தான், இட்டலி வேண்டாம், இடியப்பம் கொண்டு வாங்கோ என்றான். இடியப்பத்தோடு நாங்கள் போனபோது அவனை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் எங்களோடு கதைக்கவில்லை. நீ அன்று நடைவழியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்னும் தெரிகிறது. நீ அழவில்லை. ஆரணியின் ஒரு கால் சப்பாத்து கழன்று விழுந்திருந்தது, அதை யாராவது எடுத்துத் தாருங்கள் என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாய்.

உனக்குத் தாய் தகப்பன் இல்லை. திருகோணமலையில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி உன் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள். அது முறைதான், அவளில் பிழை இல்லை. நீ அறைவாசலில் நின்று, “நான் இஞ்சயே இருக்கிறன் சித்தி. இவையளை விட்டிட்டு எனக்கு வர ஏலாது” என்றாய். எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. நீ அன்று எங்களை விட்டுப் போயிருந்தால் நானும் மாமாவும் இந்த வீட்டில் உயிரோடு இருந்திருப்போமா என்று எனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போனாய், பல் வைத்தியரின் கிளினிக்கில் நாள் முழுக்க நின்றாய், வந்து ஆரணியைக் குளிப்பாட்டினாய், மாமாவுக்கு இரத்த அழுத்தக் குளிசை எடுத்துக் கொடுத்தாய். வருஷங்கள் அப்படியே போயின. இப்படியே நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஏன் உனக்குக் கலியாணம் பேசினேன் என்று நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வந்தேன். நீ குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு சிநேகிதியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாய். அவள் எதையோ சொல்ல, நீ வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. நான் அதைக் கேட்கவென்றே வேகமாக உள்ளே வந்தேன். என்னைக் கண்டதும் நீ சிரிப்பை நிறுத்தினாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அரிசி ஊறப்போட்டிட்டன் மாமி” என்றாய். களவு பிடிபட்ட ஆளைப் போல உன் முகம் இருந்தது. பிள்ளை, அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உன்னை யாரும் இந்த வீட்டில் கட்டிப்போடவில்லை. ஆனால் எங்கள் முன்னால் நீ சிரிக்கக் கூச்சப்பட்டாய். எங்கள் மகனுக்காக நாங்கள் துக்கப்பட்டுக்கொண்டிருக்க, நீ எங்களுக்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கோயிலில் பழக்கமான மணி அக்காவிடம் அந்தக் கிழமையே சொன்னேன். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னபோது அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். “உனக்கென்ன விசரே? அவள் என்ர மகன்ர பெண்சாதி” என்றார். நான் சொன்னேன், “மகன் இல்லையப்பா.” அவர் எழுந்து பல்கனிக்குப் போனார். அதற்குப் பிறகு கனகாலம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நீ என்ன நடந்தது என்று கேட்டாய், அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன்.

அதன் பிறகுதான் உன்னிடம் வந்தேன். நீ அழுவாய் என்று தெரியும், ஆனால் அப்படிக் கேட்பாய் என்று நினைக்கவில்லை. “நான் உங்களுக்குப் பாரமாப் போனேனா மாமி? என்னை அனுப்பிவிடப் பாக்கிறீங்களா?” என்றாய். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆரணிக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அது உண்மையில்லை. ஆரணி எங்கள் மடியில் நன்றாகத்தான் வளர்ந்தாள். நாங்கள் இருவரும் வயது போனவர்கள். நாங்கள் கண்ணை மூடிய பிறகு நீ இந்த மூன்று அறைகளுக்குள் எங்கள் மூவரின் படங்களுக்கும் விளக்கு வைத்துக்கொண்டு இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் என் பதில்.

நேசனை மணி அக்காதான் சொன்னாள். அவளுடைய தம்பி முறை. பரிஸ் நகரத்தின் உணவகக் குசினிகளில் பல வருஷம் வேலை செய்து, நகரம் அலுத்துப்போய், நாட்டின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போய்விட்டவர். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். முதல் கலியாணம் சரிவரவில்லை என்பதை முதல்நாளே போனில் தானாகச் சொன்னார். யார் பிழை என்று நான் கேட்டேன். “ரெண்டு பேரும் ஆளுக்காள் கதைக்காம இருந்திட்டம் அம்மா, அதுதான் பிழை” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. நீ அவரோடு கதைக்கச் சம்மதிக்க இன்னும் ஒரு மாதம் எடுத்தாய். முதல் தடவை கதைத்துவிட்டு வந்து, “ஆரணி என்ன சாப்பிடுவாள், என்ன சாப்பிட மாட்டாள் எண்டுதான் முழுக்கக் கேட்டவர் மாமி” என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. இந்த முறை அதை நீ மறைக்கவில்லை.

பிறகு அந்த வீடியோக் கோல். நேசன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். தடித்த கல் சுவர், விறகு போட்டு எரிக்கிற அடுப்பு, பின்னால் ஒரு அப்பிள் மரம். வேலிக்கு அப்பால் மாடுகள் நின்று எங்களைப் பார்த்தன. ஆரணி துள்ளினாள். மாமா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கமராவில் விழாமல், பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்தார். நேசன் விடைபெறப் போகும் நேரத்தில் அவர் பத்திரிகையை எடுக்காமலே கேட்டார். “தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்க கொண்டு போவீங்கள்?” நீ தலையைக் குனிந்துகொண்டாய். நேசன், “கிராமத்தில ஒரு டொக்டர்தான் ஐயா, அவரும் கிழமைக்கு ரெண்டு நாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கார்ல போகவேணும். தூரம்தான்” என்றார். தூரம்தான் என்று அந்த மனிதர் மறைக்காமல் சொன்னார், இதோடு மாமா இந்தக் கலியாணப் பேச்சை முடித்துவிடுவார் என்று நான் நினைத்தேன்.

இரண்டொரு நாள் கழித்து நேசன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தன் வீட்டுவாசலில் இருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை காரை ஓட்டி, வழி முழுவதையும் படம் பிடித்திருந்தார். இது பேக்கரி, இஞ்ச திரும்பவேணும் ஐயா, பனி கொட்டினா இந்தப் பாலம் வழுக்கும், அதுக்கு வேற டயர் போடுறது, இதுதான் அவசரப் பிரிவு, இந்தக் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும். நீ அதை மாமாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாய். அவர் பார்த்ததை நீ காணவில்லை. ஒருமுறை முழுவதும் பார்த்தார். ஆரணியைக் கூப்பிட்டு, இதைத் திருப்பி ஆரம்பத்தில் இருந்து எப்படிப் போடுவது என்று கேட்டு, இன்னொருமுறை பார்த்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். என்னைப் பார்க்காமல், “பெடியன் மெதுவாத்தான் ஓடுறான்” என்றார். அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. அவருடைய கண்ணாடி நனைந்திருந்தது. கழற்றித் துடைக்காமல் அப்படியே இருந்தார்.

பதிவுத் திருமணத்துக்கு நேசன் வந்து நின்றது உனக்குத் தெரியும். ஆனால் அன்று காலையில் மாமா வருவாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வெளிக்கிட்டபோது அவர் கோகுலனின் கலியாணத்துக்குத் தைத்த அதே நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இடுப்பு பெருத்துவிட்டது, பட்டன் பூட்டவில்லை, மேலே பெல்ட்டைப் போட்டிருந்தார். பதிவாளர் சிங்களப் பெண். பேனையை எடுத்துக்கொண்டு, பொம்பிளையின் தகப்பன் வந்திருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். நீ, இல்லை, அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் மாமா பின் கதிரையில் இருந்து எழுந்து, “மம தமய்” என்றார். நான்தான் என்று. பதிவாளர் உன் தகப்பனின் பெயர் என்ன, இவர் பெயர் என்ன என்று கடதாசிகளைப் பார்த்தார், பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். சாட்சி போடும் இடத்தைக் காட்டினார். மாமாவின் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. வெளியே வந்ததும் நேசனின் தோளில் கை வைத்து, “அவளுக்கு இரவில தலையிடி வரும். சொல்ல மாட்டாள். நீங்கதான் கேக்கவேணும்” என்றார்.

நேசன் திரும்பிப் போன பிறகு விசாவுக்குக் கடதாசி சேர்க்கத் தொடங்கினோம். ஆரணியின் விசாவுக்கு அவளுடைய தகப்பனின் இறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கேட்டிருந்தார்கள். அதை எடுத்து வந்து நீ மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் எது அவனுடைய பெயர், எது அந்த நாள் என்று தெரிந்தது. இனி எந்த மொழியில் கேட்டாலும் அவன் இல்லை என்று எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைக் கவருக்குள் திரும்ப வைத்தேன். விசா வந்த அன்று நான் கோயிலுக்குப் போனதை நன்றி சொல்லப் போனதாக நீ நினைத்தாய். பிள்ளை, அதற்கு முதல் கிழமையும் போனேன். அது கிடைக்காமல் போகட்டும் என்று கேட்பதற்காகப் போனேன். சந்நிதியில் நின்றபோது வாய் வரவில்லை. ஒன்றையும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இனி நீ அங்கே இருக்கப்போகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம். அந்தக் கிராமத்தில் நேசனையும் அவரோடு இருக்கிற தாயையும் விட்டால் தமிழ் ஆட்கள் இல்லை. பரிசில் இருப்பவர்களைப் பார்க்க நாள் முழுக்கப் பயணம் போகவேண்டும் என்று நேசன் சொன்னார். அதனால் தமிழ் ஆள் வரும்வரை காத்திருக்காதே. பேக்கரிக்குப் போ. உனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் பிழையாகவென்றாலும் சொல்லு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குளிர்காலத்தில் பின்னேரம் முடியுமுன்னமே இருண்டுவிடுமாம், அந்த நேரத்தில் மனம் சோரும், விளக்கைப் போட்டுவிட்டு எதையாவது சமை. நேசனோடு கோபம் வந்தால் அவரோடு சண்டை பிடி. எங்களிடம் நீ ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதை நான் குணம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். இப்போது யோசித்தால், எங்கள் துக்கத்துக்கு முன்னால் உனக்குக் கோபப்பட இடம் இருக்கவில்லை.

கோகுலனின் படத்தைப் பெட்டியில் வைத்தாய், எடுத்தாய், திரும்ப வைத்தாய். நான் கண்டேன். கொண்டு போ. ஆனால் ஹோலில் மாட்டாதே, ஆரணியின் அறையில் வை. அவள் கேட்டால் அவனைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லாதே. கரம்போர்டில் களவு செய்வான், உப்புக் கூடினால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவான், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து நின்று எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கி வரட்டோ என்று கேட்பான். அப்படியே சொல்லு. அப்போதுதான் அவளுக்கு ஒரு மனிதன் தகப்பனாக இருந்தான் என்று தெரியும். அவள் நேசனை அப்பா என்று கூப்பிடட்டும். எங்களோடு போனில் கதைக்கும்போது அவளை அடக்காதே. மாமாவுக்கு நோகும். நோகட்டும், அவர் தாங்குவார். இன்னொன்று. முந்தியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கவேண்டும் என்று நீ தூக்கத்தில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் இந்த வீட்டில்தான் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனைப் பெற்றவள் சொல்கிறேன், உன்னில் பிழை இல்லை.

ஆரணியின் தமிழ் குறையும். முதலில் எழுத்துப் போகும், பிறகு சொற்கள் போகும். அதற்காக அவளை ஏசாதே. ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பிரெஞ்சில் மூச்சுவிடாமல் சொல்வாள், எனக்கு ஒன்றும் விளங்காது. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நீ இடையில் வந்து மொழிபெயர்க்க வேண்டாம். அவள் சொல்லி முடிக்கட்டும்.

மாமாவைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். பின்னேரங்களில் ஆரணியைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரயில் பார்க்கிறவர், இப்போது சில நாட்களில் தனியாகப் போகிறார். அவளோடு கோபமோ என்று நேற்று என்னிடம் கேட்டாய். கோபமில்லை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, இன்றைக்கு வேண்டாம் குஞ்சு என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனபோது நானும் கேட்டேன். “பழகவேணும்” என்றார். ஒரு நாள் அவளோடு, ஒரு நாள் அவள் இல்லாமல். தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில் அவர் தனியாக இருப்பதை நான் பல்கனியில் நின்று பார்த்தேன். ரயில் போனது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

விமான நிலையத்துக்கு நாங்கள் வருவோம். அழுவோம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதே. கதவுக்கு உள்ளே போனபின் கண்ணாடி வழியாகத் தேடவும் வேண்டாம், ஆரணி பயந்துபோவாள்.

நேற்றுப் பின்னேரம் நீ கொண்டுபோகிற மிளகாய்த்தூள் பைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நீ தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாய். “அங்க நேசன்ர அம்மாவும் இருக்கிறா. அவவைத்தானே இனி நான் மாமி எண்டு கூப்பிடவேணும். உங்களை என்னெண்டு கூப்பிடுறது?” நான் டேப்பைக் காணவில்லை என்று எழும்பிப் போய்விட்டேன். டேப் என் கையில்தான் இருந்தது.

பிள்ளை, நீ என்னை மாமி என்கிறாய். ஆரணி அப்பம்மா என்கிறாள். மாமா இஞ்சேரும் என்கிறார். கடைக்காரரும் நேசனும் அம்மா என்பார்கள், அது மரியாதைக்கு எல்லோரையும் கூப்பிடுவது. இந்த வீட்டுக்குள் நின்று என்னை அம்மா என்று கூப்பிட ஒரு ஆள்தான் இருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இடியப்பம் கேட்ட அன்று கடைசியாகக் கூப்பிட்டான். போய்ச் சேர்ந்து கோல் எடுக்கும்போது நீ அப்படிக் கூப்பிட்டுப் பார். எனக்கு உடனே பதில் சொல்ல வராது. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.